பாதி பாட்டில் டெவலப்பர்: எதை வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது

கறுப்பு வெள்ளை பிரின்ட் போடத் தொடங்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எந்தப் பேப்பர் டெவலப்பர் நல்லது?" டெக்டாலா, இல்ஃபோர்டு மல்டிகிரேடா, புரோமோஃபெனா, வைட்டமின் சி சேர்ந்த வகையா என்று பட்டியல் நீளும். பேப்பர் டெவலப்பர் என்பது ஒளி பட்ட புகைப்படத் தாளில் படத்தை வெளியே கொண்டுவரும் கரைசல். பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது இரண்டே விஷயம். மாதத்துக்கு எத்தனை தடவை இருட்டறைக்குள் போவீர்கள்? திறந்த பாட்டில் எத்தனை நாள் பாதி காலியாக நிற்கும்?

இப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது. ஃபிலிம் டெவலப்பர் விஷயம் வேறு. அங்கே டெவலப் ஆவதை நடுவழியில் நிறுத்திவிடுகிறோம்; கிரெயின் (படத்தில் தெரியும் மணிமணியான தன்மை), கூர்மை, வேகம் எல்லாமே டெவலப்பருக்கு டெவலப்பர் மாறும். பேப்பரை அப்படி நடுவழியில் நிறுத்துவதில்லை. தாளின் மேல் பூசிய ஒளியுணர் படலமான எமல்ஷன் தன் முழுக் கறுப்பை எட்டும் வரை விட்டுவிட்டுத்தான் எடுக்கிறோம். அதனால் சாதாரண நியூட்ரல் டோன் டெவலப்பர்களில் எதை எடுத்தாலும், புதிதாகக் கலந்து, 20 டிகிரியில், முழு நேரமும் ஊறவிட்டால், வரும் பிரின்ட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்து எது எதில் கழுவியது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அதே டெவலப்பர் அரை பாட்டிலாக மூன்று நான்கு மாதம் கிடந்து, பலமுறை திறந்து மூடப்பட்டிருந்தால் வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியும். கறுப்பு கறுப்பாக இருக்காது, அடர் சாம்பலோடு நின்றுவிடும். கான்ட்ராஸ்ட் குறைவு என்று நினைத்து ஃபில்டரை மாற்றுவோம், எக்ஸ்போஷரைக் கூட்டுவோம், பேப்பர் மேல் பழி போடுவோம். கோளாறு பாட்டிலில் இருக்கும்.

ஆகவே எதை வாங்குவது, எப்படிச் சேமிப்பது என்று இரண்டு கேள்வி இல்லை. உங்கள் வேலை ஓடும் வேகத்துக்குள் கெடாமல் தீர்ந்துபோகிற டெவலப்பர்தான் உங்களுக்கு நல்ல டெவலப்பர்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அது எப்படிக் கெடும் என்பதும் தெரிந்துவிடும். கோடாக்கின் டி-72 சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். டெக்டால் என்ற பெயரில் பொட்டலமாக வருவது இதன் நெருங்கிய உறவு. 1 லிட்டர் ஸ்டாக் கரைசலுக்கு (பாட்டிலில் வைத்துக்கொண்டு, பயன்படுத்தும்போது தண்ணீர் சேர்க்கும் அடர் கரைசல்) மெட்டால் 3 கிராம், சோடியம் சல்ஃபைட் 45 கிராம், ஹைட்ரோகுயினோன் 12 கிராம், மோனோஹைட்ரேட் வடிவ சோடியம் கார்பனேட் 80 கிராம், பொட்டாசியம் புரோமைடு 2 கிராம். அவ்வளவுதான்.

படத்தை வெளியே கொண்டுவருவது மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும். இரண்டும் சேரும்போது, தனித்தனியாகச் செய்வதைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாகவே வேலை செய்யும். கார்பனேட் காரத்தன்மை கொடுக்கிறது. அது இல்லாமல் ஹைட்ரோகுயினோன் அசையாது. புரோமைடு, ஒளி படாத வெள்ளைப் பகுதியில் மூட்டம் விழாமல் தடுக்கிறது. சல்ஃபைட்டின் வேலை காப்பது. கரைசலுக்குள் நுழையும் ஆக்சிஜனைத் தான் வாங்கிக்கொண்டு சல்ஃபேட்டாக மாறிவிடும். டெவலப்பிங் வேதிப்பொருள்கள் தப்பிக்கும். சல்ஃபைட் குறையக் குறைய ஹைட்ரோகுயினோன் ஆக்சிஜனோடு நேரடியாக மாட்டிக்கொள்ளும், கரைசல் பழுப்பாகும்.

மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும் சேர்ந்தவற்றை எம்.க்யூ. வகை என்பார்கள். மெட்டாலுக்குப் பதில் ஃபீனிடோன் இருந்தால் பி.க்யூ. ஃபீனிடோனின் டெவலப்பிங் குணத்தை 1940இல் இல்ஃபோர்டு நிறுவனத்தில் கெண்டால் கண்டுபிடித்தார். மெட்டாலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும். ஆனால் பிரின்ட் போடுபவருக்கு முக்கியமான வித்தியாசம் வேறு. ஒவ்வொரு தாளும் டிரேயில் ஊறும்போது எமல்ஷனிலிருந்து புரோமைடு கரைந்து டெவலப்பரில் சேரும். மெட்டால் அதனால் சீக்கிரம் சோர்ந்துபோகும். ஃபீனிடோன் அவ்வளவாக அலட்டிக்கொள்ளாது. அதனால் முதல் தாளுக்கும் முப்பதாவது தாளுக்கும் வேகம் அதிகம் மாறாமல் ஓடுவது பி.க்யூ. வகையில் எளிது. இன்னொன்று: மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவரும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. ஃபீனிடோனில் அந்தத் தொல்லை குறைவு. எதைப் பயன்படுத்தினாலும் இடுக்கியோ கையுறையோ வேண்டும், அது தனி.

தூளா, திரவமா

உண்மையான முடிவு இங்கேதான் எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒரு முறை உட்கார்ந்தால் 1 லிட்டர் கலந்த டெவலப்பர் போதும் என்று வைத்துக்கொள்வோம். 8×10 அங்குல டிரேக்கு அது தாராளம்.

டெக்டாலை வழக்கமாக 1+2 என்று, அதாவது ஒரு பங்கு ஸ்டாக்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்துக் கலப்பார்கள். 1 லிட்டருக்கு சுமார் 330 மில்லி ஸ்டாக் போகும். 3.8 லிட்டர் கலக்கும் பெரிய பொட்டலம் என்றால் பதினொரு முறை வரும். முழுதாக நிரப்பி இறுக்கி மூடிய பாட்டிலில் ஸ்டாக் 6 மாதம், அரை பாட்டிலாக இருந்தால் 2 மாதம் என்பது தயாரிப்பாளர் கணக்கு. வாரம் ஒருமுறை பிரின்ட் போடுபவர் மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுவார், பிரச்சினையே இல்லை. மாதம் ஒருமுறை என்றால் கடைசிக் கலவையைப் போடும்போது பத்து மாதம் ஆகியிருக்கும்.

இல்ஃபோர்டு புரோமோஃபென் பி.க்யூ. வகைத் தூள். 5 லிட்டர் ஸ்டாக் ஆகும், 1+3 கலவை. லிட்டருக்கு 250 மில்லி. அதாவது இருபது முறை. ஸ்டாக்கின் ஆயுள் இதுவும் முழு பாட்டிலில் 6 மாதம்தான். வகுப்பு நடத்துபவர், நண்பர்களோடு பகிர்ந்து இருட்டறை வைத்திருப்பவர், தினமும் உள்ளே போகிறவர் ஆகியோருக்கு இது அருமை. தனி ஆள் மாதம் ஒருமுறை பயன்படுத்தினால் பாதிக்குமேல் கொட்டத்தான் வேண்டியிருக்கும்.

தூளைப் பிரித்துப் பாதி மட்டும் கலந்துகொண்டால் என்ன என்று தோன்றும். செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் பொருள்களின் துகள்கள் ஒரே அளவும் இல்லை, ஒரே எடையும் இல்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் வந்து சேர்வதற்குள் கனமானது அடியில் இறங்கியிருக்கும். மேல் பாதியில் மெட்டால் எவ்வளவு, கீழ்ப் பாதியில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தவிர, பிரித்த பொட்டலம் ஈரத்தையும் காற்றையும் உள்ளே விடும். தூளின் பெரிய பலமே பிரிக்காத பொட்டலம் உலர்ந்த அலமாரியில் வருடக்கணக்கில் கிடக்கும் என்பதுதான். அடுத்த குளிர்காலம் வரை பிரின்ட் போடப் போவதில்லை என்று தெரிந்தால், பிரிக்காத தூளைவிட நல்ல சேமிப்பு எதுவும் கிடையாது.

இப்போது திரவம். இல்ஃபோர்டு மல்டிகிரேடு டெவலப்பர் பி.க்யூ. வகைச் செறிவுக் கரைசல். 1+9 கலந்தால் லிட்டருக்கு 100 மில்லி. 1+14 என்றால் 67 மில்லி. 20 டிகிரியில் ஆர்.சி. பேப்பருக்கு (பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள்) 1+9இல் 1 நிமிடம், 1+14இல் ஒன்றரை நிமிடம். பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் பேப்பருக்கு 2 நிமிடமும் 3 நிமிடமும். கலந்த 1 லிட்டர், 1+9இல், 8×10 அளவு ஆர்.சி. தாள் நூறு, ஃபைபர் தாள் ஐம்பது வரை தாங்கும். டெட்டெனால் யூகோப்ரோம், இல்ஃபோர்டு பி.க்யூ. யுனிவர்சல் போன்றவையும் இதே குடும்பம்; 1+9 என்பது பழக்கமான கலவை.

செறிவுக் கரைசலில் இவ்வளவு பொருளை எப்படி அடைத்தார்கள் என்றால், சோடியம் உப்புகளுக்குப் பதிலாகத் தண்ணீரில் அதிகம் கரையும் பொட்டாசியம் உப்புகளைப் போட்டிருப்பார்கள். அடர்த்தியாக இருப்பதால் மில்லிக்கு மில்லி காவலுக்கு நிற்கும் சல்ஃபைட்டும் அதிகம். ஆகவே திறந்த பிறகும் தூளிலிருந்து கலந்த ஸ்டாக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். அதைவிடப் பெரிய வசதி, கலப்பது ஒரு நிமிட வேலை. அளவுக் குவளையில் ஊற்று, தண்ணீர் சேர், முடிந்தது. தூள் அப்படியில்லை. 38 டிகிரி அளவுக்குச் சூடான தண்ணீரில் மெதுவாகத் தூவிக் கிளறி, ஆறவைத்து, முந்தின நாளே தயாராக வைக்க வேண்டும். தூவும்போது எழும் பொடியை மூச்சில் இழுக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் கருவி) இருக்கும் அறையில் கலக்கவே கூடாது. காற்றில் பறந்த பொடி தாளில் உட்கார்ந்தால் கறுப்புப் புள்ளியாக முளைக்கும்.

மாதம் ஒன்றிரண்டு முறை மட்டும் போகிறவர்களுக்கு என் பதில் சந்தேகமில்லாமல் திரவம்தான், அதுவும் கிடைப்பதிலேயே சின்ன பாட்டில். பெரிய பாட்டில் மில்லிக்கு மலிவாகத் தெரியும். கடைசி மூன்றில் ஒரு பங்கைக் கொட்டினால் அந்த மலிவு அங்கேயே கரைந்துவிடும்.

ஹைட்ரோகுயினோன் இல்லாத வகை

அஸ்கார்பிக் அமிலத்தை, அதாவது வைட்டமின் சியை, அடிப்படையாகக் கொண்ட டெவலப்பர்களும் சந்தையில் இருக்கின்றன. அடாக்ஸ் நியூட்டால் எக்கோ ஓர் எடுத்துக்காட்டு. ஹைட்ரோகுயினோன் நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு. அதைத் தவிர்க்க நினைப்பவருக்கும், காற்றோட்டம் குறைந்த சின்ன அறையில் வேலை செய்பவருக்கும் இது நல்ல தேர்வு. கறுப்பு குறையும் என்ற பயம் வேண்டாம், முழுக் கறுப்பு வருகிறது.

ஆனால் ஒரு குணத்தைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். ஹைட்ரோகுயினோன் டெவலப்பர் கெடும்போது நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். இளம் தேநீர் நிறம் வரை பயமில்லாமல் பயன்படுத்தலாம். கடுங்காப்பி ஆகிவிட்டால் கொட்டிவிடலாம். அஸ்கார்பேட் வகை அப்படி நிறத்தைக் கொண்டு நம்பகமாக எச்சரிக்காது. பார்க்கத் தெளிவாகவே இருந்துகொண்டு பலம் இழந்திருக்கும். தண்ணீரில் இரும்போ செம்போ துளி இருந்தால்கூட அது ஆக்சிஜனோடு சேரும் வேகம் கூடிவிடும். ஆகவே இந்த வகையை வாங்கினால், நீண்ட நாள் கழித்து வேலை தொடங்கும்போதெல்லாம் கீழே சொல்லும் துண்டுச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் முதல் தாளைப் போட வேண்டும். சோதனை செய்யச் சோம்பல்படுகிறவர் என்றால் வேறு வகைக்குப் போவது நல்லது.

நீண்ட நாள் தாங்குவது

"எனக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்றே தெரியாது" என்பவருக்கு அன்ஸ்கோ 130. மெட்டால், ஹைட்ரோகுயினோன் இவற்றோடு கிளைசின் என்ற மூன்றாவது டெவலப்பிங் பொருளும் லிட்டருக்கு 11 கிராம் சேரும் பழைய சூத்திரம் இது. ஸ்டாக் ஓராண்டைத் தாண்டியும் வேலை செய்கிறது என்பது இதைப் பயன்படுத்துபவர்கள் பலருடைய அனுபவம். டிரேயில் ஊற்றியதையும் பாட்டிலில் திருப்பி ஊற்றி அடுத்தடுத்த நாள்களில் எடுத்துக்கொள்கிறார்கள். புதிதாகக் கலக்கும்போதே கொஞ்சம் பழுப்பு தட்டியிருக்கும், அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

சிக்கல் எங்கே என்றால், கலந்த பிறகு இவ்வளவு உறுதியாக நிற்கும் கிளைசின், தூளாக இருக்கும்போது சீக்கிரம் கெடுகிறது. வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டியது கருத்துக்கொண்டே போகும். வாங்கிய உடனே கலந்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். உணவுச் சத்தாக விற்கும் கிளைசின் முற்றிலும் வேறு பொருள், அது இதற்கு ஆகாது. விலையும் மற்றவற்றைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் வருடத்துக்கு நாலைந்து முறை மட்டும் பிரின்ட் போடுபவருக்குக் கொட்டுவது மிச்சமாகும்.

சொந்தமாக எடைபோட்டுக் கலப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பாதி கிடையாது. டி-72இன் ஐந்து பொருள்களும் தனித்தனி டப்பாவில் உலர்ந்து இருக்கும். இன்று தேவைப்படும் அளவுக்கு மட்டும் அரை லிட்டர் ஸ்டாக் கலந்துகொள்ளலாம். 0.1 கிராம் வரை காட்டும் தராசு போதும். ஒரே ஒரு வரிசை விதி: மெட்டாலை முதலில் கரைக்க வேண்டும். சல்ஃபைட் நிறையக் கரைந்த தண்ணீரில் மெட்டால் கரைய மறுக்கும். அதற்காக வெறும் தண்ணீரில் வெகுநேரம் விட்டால் காற்று அதைத் தொட்டுவிடும். ஒரு சிட்டிகை சல்ஃபைட் போட்டு, மெட்டாலைக் கரைத்து, பிறகு மீதி சல்ஃபைட், ஹைட்ரோகுயினோன், கார்பனேட், புரோமைடு என்று போவது வழக்கம். இதில் பிடிப்பு உள்ளவருக்கு இதைவிடச் சுதந்திரம் வேறு இல்லை. பிரின்ட் போடுவது மட்டும்தான் பிடிக்கும் என்பவர் இந்தப் பக்கம் வர வேண்டியதில்லை.

வார்ம் டோன் டெவலப்பர்கள் பற்றி ஒரு வார்த்தை. பழுப்புச் சாயல் டெவலப்பரால் மட்டும் வருவதில்லை. முக்கால்வாசி பேப்பரின் வேலை. ஃபோமாடோன் மாதிரி குளோரைடு கூடிய எமல்ஷன்கள் டெவலப்பர் மாற்றத்துக்கு நன்றாக இசைந்து கொடுக்கும். சாதாரண நியூட்ரல் பேப்பரில் வார்ம் டோன் டெவலப்பர் ஊற்றினால் அருகருகே வைத்துத் தேட வேண்டிய அளவு வித்தியாசம்தான் மிஞ்சும். பேப்பரை முதலில் மாற்றிப் பாருங்கள். எட்வர்ட் வெஸ்டன் பயன்படுத்திய அமிடாலுக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு. கலந்தால் சில மணி நேரம்தான், விரலையும் நகத்தையும் கறுப்பாக்கிவிடும். லித் டெவலப்பர் வேறு ஆட்டம், அதன் சேமிப்பு விதிகளும் வேறு. இந்த மூன்றும் அன்றாட டெவலப்பர் ஒன்று கைக்குப் பழகிய பிறகு பார்க்க வேண்டியவை.

காற்று எவ்வளவு தின்னும்

"பாட்டிலில் காற்று இருந்தால் கெட்டுவிடும்" என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு கெடும்? 1 லிட்டர் பாட்டிலில் பாதி டி-72 ஸ்டாக், பாதி காற்று. அந்த அரை லிட்டர் காற்றில் ஆக்சிஜன் சுமார் 105 மில்லி, எடையில் 0.14 கிராம். அது முழுவதும் சல்ஃபைட்டோடு சேர்ந்தால் தின்பது 1.1 கிராம் சல்ஃபைட். பாட்டிலில் இருப்பதோ 22.5 கிராம். ஐந்து சதவீதம்கூட முழுசாகப் போகவில்லை. மூடியை இறுக்கி அப்படியே வைத்திருந்தால் அந்தக் காற்றால் பெரிய நஷ்டமில்லை.

ஆனால் அதே பாட்டிலில் அடியில் 100 மில்லி மட்டும் மிஞ்சியிருந்தால்? 900 மில்லி காற்று, 2 கிராம் சல்ஃபைட்டைத் தின்னும். மிச்சம் இருப்பதே 4.5 கிராம். ஒரே மூச்சில் பாதிக்குப் பக்கம் காலி. இதற்கு நடுவே ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பழைய காற்று போய்ப் புதுக் காற்று வருகிறது. கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். குலுக்கினால் எல்லாம் வேகமாக நடக்கும். அதோடு, பாட்டிலே காற்றைக் கசியவிடுகிற பிளாஸ்டிக்காக இருந்தால் திறக்காமலே கெடும்.

இதிலிருந்து செய்ய வேண்டியது தானே தெரிகிறது. பெரிய பாட்டிலைத் திறந்த அன்றைக்கே, ஒரு முறைக்கு வேண்டிய அளவு கொள்ளும் சின்ன பாட்டில்களில் கழுத்து வரை, காற்றுக் குமிழ் தங்காமல் நிரப்பி மூடிவிட வேண்டும். மல்டிகிரேடு மாதிரி 1 லிட்டர் திரவம் என்றால் 100 மில்லி பாட்டில் பத்து. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை திறக்கும். இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால், மேலே சொன்ன தேர்வுகளில் எதை எடுத்தாலும் ஆயுள் கணிசமாகக் கூடும். மற்ற உபாயங்கள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

பாட்டில் எது? கண்ணாடிக்கு இணை இல்லை. மூடிக்குள் இருக்கும் ரப்பரோ பிளாஸ்டிக் வளையமோ கிழியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பழுப்புக் கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் இருட்டான அலமாரி போதும். வெளிச்சத்தைவிடக் காற்றுதான் எதிரி. சோடா பாட்டில்கள் செய்யும் பெட் பிளாஸ்டிக்கும் வாயுவை நன்றாகத் தடுக்கிறது, அதோடு கடைசியில் கொஞ்சம் அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடவும் முடியும். ஆனால் அதில் ஊற்றினால் பழைய லேபிளைச் சுத்தமாகக் கிழித்துவிட்டு, பெரிய எழுத்தில் என்னவென்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது. அந்த உறுதி இல்லாத வீட்டில் குடிபான பாட்டிலைத் தொடவே வேண்டாம். பால் நிறத்தில் மங்கலாக இருக்கும் பாலிஎத்திலீன் பாட்டில்கள் மெதுவாக ஆக்சிஜனை உள்ளே விடும். டெவலப் ஆவதை நிறுத்தும் ஸ்டாப் பாத் கரைசலுக்கு அவை போதும், டெவலப்பருக்கு வேண்டாம்.

துருத்தி மாதிரி மடங்கும் பாட்டில்களை இருட்டறைச் சாமான் கடைகளில் ஆசை காட்டி விற்பார்கள். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. மடிப்பு மடிப்பாகப் பரப்பு அதிகம், பிளாஸ்டிக்கும் மெல்லிசு, உள்ளே கழுவவும் முடியாது. கோலிக்குண்டு போட்டு மட்டத்தை உயர்த்துவது வேலை செய்யும். ஒயின் பாட்டிலைக் காக்க விற்கும் ஆர்கான், நைட்ரஜன் கலந்த தெளிப்பானும் நல்லது. சிகரெட் லைட்டருக்கு நிரப்பும் பியூட்டேனை அடிப்பவர்களும் உண்டு. காற்றைவிடக் கனமானது, வேலை செய்யும். ஆனால் தீப்பிடிக்கும் வாயுவை மூடிய சின்ன அறையில் அடிப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை.

சூடு கூடினால் எல்லா வினையும் வேகமாகும், ஆகவே வீட்டிலேயே குளிர்ச்சியான அலமாரி. குளிர்சாதனப் பெட்டி வேண்டாம்: உணவுக்குப் பக்கத்தில் இது இருக்கக் கூடாது என்பது ஒன்று, குளிரில் செறிவுக் கரைசலில் உப்புகள் படிகமாக இறங்கிவிடும் என்பது இன்னொன்று. அப்படி இறங்கியிருந்தால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, எல்லாம் கரைந்த பிறகுதான் அளந்து எடுக்க வேண்டும். மேலே இருக்கும் தெளிவை மட்டும் ஊற்றினால் பாதிப் பொருள் அடியிலேயே தங்கிவிடும்.

டிரேயில் ஊற்றிய பிறகு

கலந்த டெவலப்பர் டிரேயில் ஒரு நாள். அது தயாரிப்பாளர்கள் பலரும் சொல்லும் கணக்கு, நியாயமான கணக்கும்கூட. சாப்பிடப் போகும்போது டிரேமேல் ஒரு பிளாஸ்டிக் தாளைத் திரவத்தைத் தொடும்படி மிதக்கவிட்டால் சாயங்காலம் வரை தெம்பாக இருக்கும். மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றி மறுநாள் பயன்படுத்தலாம். நல்ல பிரின்ட்டுக்கு அதை நம்ப மாட்டேன், கான்டாக்ட் ஷீட் (நெகட்டிவ்களைத் தாள்மேலேயே வைத்து அதே அளவில் எடுக்கும் மாதிரிப் பிரின்ட்) போடப் பயன்படுத்துவேன். இடம் குறைவாக இருப்பவர்கள் வைத்திருக்கும் நோவா மாதிரியான செங்குத்துத் தொட்டிகளில் காற்றைத் தொடும் பரப்பு ஒரு கீற்றளவுதான். மேலே மூடியும் உண்டு. அவற்றில் அதே டெவலப்பர் வாரக்கணக்கில் ஓடும். அடிக்கடி, ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரமே வேலை செய்பவர்களுக்கு டெவலப்பரை மாற்றுவதைவிடத் தொட்டியை மாற்றுவது பெரிய மிச்சம்.

வெப்பநிலையைக் கவனியுங்கள். 13 டிகிரிக்குக் கீழே ஹைட்ரோகுயினோன் கிட்டத்தட்டத் தூங்கிவிடும், டெவலப்பர் செத்துவிட்டது போலவே தோன்றும். டிரேயின் அடியில் வெந்நீர்த் தட்டு வைத்தால் எழுந்துவிடும். கொட்டுவதற்கு முன் தெர்மாமீட்டரை ஒருமுறை விட்டுப் பார்ப்பது நல்லது.

வேலை நடுவே டெவலப்பரின் பலத்தைக் கண்டுபிடிக்க, படம் முதலில் எட்டிப்பார்க்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் பழைய முறை இன்னும் நன்றாகவே உதவுகிறது. தாளைப் போட்டவுடன் எண்ணத் தொடங்குங்கள். நடு டோன் பகுதி ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருங்கள், அது தெரியத் தொடங்கும் கணம் 15ஆவது நொடி என்றால், 2 நிமிடம் என்பது அதன் எட்டு மடங்கு. அப்புறம் டெவலப்பர் சோர்ந்தோ குளிர்ந்தோ போய் அதே பகுதி 20ஆவது நொடியில் தெரிந்தால், எட்டு மடங்கு, 160 நொடி விடுங்கள். பிரின்ட்டுக்குப் பிரின்ட் மாறாமல் வரும். முதலில் எடுத்த நேரம் இரண்டு மடங்காகிவிட்டால் நான் டிரேயை மாற்றிவிடுவேன்.

துண்டுச் சோதனை

நாள்பட்ட பாட்டிலைத் திறக்கும்போது மணந்து பார்ப்பதாலோ நிறம் பார்ப்பதாலோ மட்டும் முடிவெடுக்க வேண்டாம். புது பாட்டில் திறந்த அன்று ஒரு பேப்பர் துண்டை அறை விளக்கு வெளிச்சத்தில் காட்டிவிட்டு, டெவலப்பரில் முழு நேரம் விட்டு, படம் நிலைக்க ஃபிக்ஸரில் போட்டு, கழுவி, உலர்த்தி, பின்பக்கத்தில் பேப்பர் பெயரையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அந்தப் பேப்பர் தரக்கூடிய முழுக் கறுப்பு. பிறகு எப்போது சந்தேகம் வந்தாலும் அதே பேப்பரின் இன்னொரு துண்டை வெளிச்சத்தில் காட்டி, அதே நேரம் டெவலப் செய்து, உலர்ந்த பிறகு இரண்டையும் விளிம்போடு விளிம்பு ஒட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்தில் ஒப்பிடாதீர்கள், ஈரத் தாளில் கறுப்பு எப்போதும் ஆழமாகத்தான் தெரியும், உலர்ந்தால் ஒரு படி இறங்கும்.

கூடவே வெளிச்சம் படாத ஒரு துண்டையும், பேப்பரைப் பாதிக்காத இருட்டறை விளக்கான சேஃப்லைட்டின் வெளிச்சத்தில், டெவலப்பரில் போட்டு எடுங்கள். பாதியை மட்டும் நனைத்து, பிறகு முழுவதையும் ஃபிக்ஸரில் போட்டால் வித்தியாசம் அதிலேயே தெரியும். நனைந்த பாதி சாம்பல் தட்டினால் மூட்டம் விழுகிறது. டெவலப்பர் காரணமாக இருக்கலாம், பழைய பேப்பராகவும் இருக்கலாம், சேஃப்லைட்டாகவும் இருக்கலாம். முழு இருட்டில் ஒரு துண்டை அதேபோல் செய்து பார்த்தால் சேஃப்லைட்டைக் கழித்துவிடலாம். புதிதாகக் கலந்த டெவலப்பரில் இன்னொரு துண்டைப் போட்டால் மற்ற இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

கறுப்புத் துண்டு பழைய துண்டை எட்டவில்லை, ஒரு நிமிடம் கூட விட்டும் எட்டவில்லை என்றால் அந்த பாட்டில் முடிந்தது. மிச்சத்தைப் புது ஸ்டாக்கோடு சேர்த்து ஓட்டப் பார்க்காதீர்கள். கெட்டதில் சேர்ந்திருக்கும் ஆக்சிஜனேற்றக் கழிவு புதியதையும் பலவீனமாக்கும். காலி பாட்டிலைப் பழுப்புக் கறை இல்லாமல் அலசி, மூடியைத் தனியாகக் கழுவி, முழுக்க உலர்த்தி, புது தேதி எழுதிய லேபிளோடு அடுத்ததை நிரப்பலாம்.